சும்மா நிற்கும் கரி

எங்கள் கம்மாபுரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, யாரும் கொளுத்தாமலே தீப்பிடிக்கும் என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே தெரியும். நெய்வேலி அவ்வளவு பக்கம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போடும்போது கறுப்பாக ஏதோ மேலே வந்தது என்று ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். 1956இல் அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் நிறுவனம் பதிவானது. 1957 மே 20ஆம் தேதி நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். எனக்கு விவரம் தெரிந்தபோது, 1980களில், இரண்டாம் சுரங்கம் எங்கள் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. நிலம் கொடுத்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை இருந்தது. எங்கள் வீட்டுக் கதை, அப்பாவுக்குக் கரி யார்டில் ஒப்பந்தக் கூலி வேலை கிடைத்தது.

சித்திரை வைகாசியில் அப்பா வீட்டுக்கு வரும்போது சட்டையில் ஒரு வாசனை இருக்கும். விறகுப் புகை வாசனை இல்லை. கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் காட்டமும் கலந்தது. "இன்னிக்கு மேக்காலக் குமி வேக ஆரம்பிச்சிடுச்சு" என்பார் அம்மாவிடம். எரிகிறது என்று சொல்லமாட்டார், வேகிறது என்பார். பழுப்பு நிலக்கரி வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறக்குறையப் பாதி ஈரம். குவித்துப் போட்டால் மேற்புறம் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு வழியாகக் காற்று நுழையும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கரியோடு சேரும்போது கொஞ்சமாகச் சூடு பிறக்கும். வெளியே இருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். குவியலின் நடுவே இருந்தால் போக வழியில்லை. சூடு கூடக்கூட ஆக்சிஜன் சேர்வதும் வேகமாகும், அதனால் மேலும் சூடு. காய்ந்த கரியின்மேல் சின்னதாக ஒரு கோடைமழை பெய்தால் இன்னும் மோசம். காய்ந்த கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும்போதும் சூடு விடும். ஒருநாள் காலையில் குவியலின் இடுப்பில் வெள்ளைப் புகை நூலாகக் கிளம்பும்.

அதற்கு அவர்கள் செய்த வைத்தியங்களையும் அப்பா சொல்லித்தான் அறிந்தேன். குவியலை உயரமாக ஏற்றாதே. புல்டோசர் விட்டு அழுத்து, உள்ளே காற்றுக்கு இடம் வைக்காதே. முதலில் வந்த கரியை முதலில் அனுப்பு, பழையதை அடியில் கிடக்கவிடாதே. தண்ணீர் அடிப்பதாயிருந்தால் தாராளமாக அடி, அரைகுறையாக நனைக்காதே. புகையும் இடத்தைத் தோண்டிப் பரப்பு, ஆறவிடு. அம்மாவுக்கு இது புதிதில்லை. ஈர வைக்கோலைப் போர் போட்டால் இரண்டொரு நாளில் உள்ளே கைவிட முடியாமல் சுடும், பிரித்துக் காயப்போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். "அதே கதைதான்" என்பாள்.

பாலிடெக்னிக்கில் கெமிக்கல் டிப்ளமா முடித்து, கடலூர் சிப்காட்டில் ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வீட்டுப்பாடம் அங்கேயும் வரும் என்று நினைக்கவில்லை. கடலூர் முதுநகரில், நாங்கள் ஓ.டி. என்று சொல்லும் பகுதியில், நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்திருந்தோம். சிதம்பரம் சாலையில் ஷிஃப்ட் பஸ் வரும். குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் என்று சாலையோர ஊர்களைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எந்த ஆலை வந்திருக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். எங்களுக்கு அது எட்டு மணிநேர வேலை. அந்த ஊர்க்காரர்களுக்கு அது தூங்கும் இடம். 1998இல் மாநில மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி நயினார் சுந்தரம் நேரில் வந்து பார்த்து அறிக்கை கொடுத்தார். 2004இல் ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு அமைத்து, வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி, என்னென்ன ரசாயனம் இருக்கிறது என்று பெயர் பெயராக வெளியிட்டார்கள். ஆலைக்குள் சிலர் அவர்கள்மேல் கோபப்பட்டதைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வாளி தூக்கியிராவிட்டால் சிப்காட்டில் பாதிப் புகைபோக்கிகளுக்கு மூடியே வந்திருக்காது.

எங்கள் ஆலையில் வந்த மூடிதான் கார்பன் பெட். மருந்து மூலப்பொருளைக் காயவைக்கும்போதும் வடிகட்டும்போதும் சால்வென்ட் ஆவியாகிக் காற்றோடு போகும். டொலுவீன், எம்.இ.கே. என்று நாங்கள் சொல்லும் மெத்தில் எத்தில் கீட்டோன், இன்னும் சில. அந்தக் காற்றை ப்ளோயர் வைத்து இழுத்து, ஆக்டிவேட்டட் கார்பன் நிரப்பிய பெரிய இரும்புக் கலம் வழியாகத் தள்ளுவோம். கரியின் துளைகளில் சால்வென்ட் ஒட்டிக்கொள்ளும். சுத்தமான காற்று மேலே போகும். ஒரு பெட் நிரம்பியதும் காற்றை அடுத்த பெட்டுக்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதற்குள் ஸ்டீம் விடுவோம். சால்வென்ட் கழன்று ஸ்டீமோடு வரும். குளிர்வித்தால் டொலுவீன் தண்ணீரின்மேல் தனியாக மிதக்கும், எம்.இ.கே. தண்ணீரில் கரைந்துவிடுமென்பதால் அதைத் திரும்ப வடிக்க வேண்டும். காற்றும் கெடாது, காசும் திரும்பும். நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

கரி வந்தது நம் தமிழ்நாட்டுத் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து. 25 கிலோ மூட்டைகளில் வரும், கையில் எடுத்தால் மிளகளவுத் துண்டுகள். ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் துளைச்சுவர்களை விரித்தால் ஆயிரம் சதுர மீட்டருக்குக் குறையாது என்று பயிற்சியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிக்காக அமெரிக்காவில் வீடுவீடாகப் பீச் கொட்டையும் ஓடுகளும் சேகரித்திருக்கிறார்கள். நல்ல கரிக்குச் சிரட்டை ஏற்றது என்பதும் அந்தக் காலத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் போர்மேன் அண்ணன் முதல் நாளே ஒரு பிடி கரியை என் கையில் வைத்துச் சொன்னார்: "தம்பி, இது சால்வென்ட்டப் புடிக்குதுல்ல, அப்பல்லாம் சூடு விடும். ஒட்டிக்கிற எதுவும் சும்மா ஒட்டாது. அந்தச் சூட்ட யாரு எடுத்துக்கிட்டுப் போறதுன்னு பாத்துக்கிட்டே இரு."

அந்தச் சூட்டை எடுத்துப்போவது காற்றுதான். ப்ளோயர் ஓடும்வரை பெட்டின் சூடு உள்ளே வரும் காற்றைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்கும், அவ்வளவே. டொலுவீன் மட்டும் இருந்தால் பெரிய கவலையில்லை. கீட்டோன்கள் வேறு ஜாதி. எம்.இ.கே.யும் சைக்ளோஹெக்சனோனும் கரிமேல் ஒட்டிக்கொண்டு சும்மா இருக்காது. கரியே கிரியா ஊக்கியாக வேலைசெய்து அவற்றை ஆக்சிஜனோடு சேர்க்கும். அமிலமாகவும் வேறு பொருட்களாகவும் மாற்றும். ஒட்டும்போது வரும் சூடு ஒருபக்கம், இந்த மாற்றத்தில் வரும் சூடு இன்னொரு பக்கம். புதுக்கரி 350 டிகிரிக்கு மேல்தான் பற்றும் என்று சீட்டில் போட்டிருக்கும். கீட்டோன் ஏறிய கரி அந்த எண்ணுக்குக் கட்டுப்படாது.

புத்தகங்கள் சொல்லும் விதிகளை எல்லாம் நாங்கள் பேனலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தோம். சால்வென்ட் அளவு தீப்பற்றும் கீழ் எல்லையில் கால்பங்கைத் தாண்டக்கூடாது. உள்ளே வரும் காற்று 40 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது விதியை எழுதியவர்கள் கடலூரின் அக்னி நட்சத்திரத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள். மே மாதம் மேல்காற்று வறண்டு வீசும்போது வெளிக்காற்றே 40ஐத் தொடும். டக்டில் தண்ணீர் ஓடும் கூலர் போட்டபிறகுதான் அந்த விதி எங்களுக்குச் சாத்தியமானது. மதியத்துக்குமேல் கடல்காற்று இறங்கிவிட்டால் நிம்மதி. சூடு குறைவதோடு ஈரமும் வரும். ஈரக்காற்றில் கரி கொஞ்சம் குறைவாகச் சால்வென்ட் பிடிக்கும், உற்பத்தி ஆட்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கரிக்குள் இருக்கும் அந்த ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பெட் வறண்டு போவதைவிட ஈரமாயிருப்பது எங்களுக்குத் தூக்கம் தரும் விஷயம்.

புதுக்கரி நிரப்பிய அன்று போர்மேன் அண்ணன் யாரையும் நேரே சால்வென்ட் காற்றைத் திருப்ப விடமாட்டார். முதலில் ஸ்டீம் விட்டு நனைக்க வேண்டும். எலும்பாகக் காய்ந்த புதுக்கரி, முதல்முதலாகச் சால்வென்ட்டைச் சந்திக்கும்போதுதான் மிக அதிகமாகச் சூடாகும். உலகமெங்கும் கார்பன் பெட் தீவிபத்துகளில் ஒரு பகுதி இந்த முதல் நாளில் நடந்தவை. இன்னொரு பகுதி, பெரும்பகுதி என்றே அவர் நம்பினார், ஆலை நின்றபோதோ நின்று திரும்பக் கிளம்பும்போதோ நடந்தவை.

இதைத்தான் யாருக்கும் புரியவைக்க முடிவதில்லை. ஓடும் யந்திரத்தைப் பார்த்துக்கொள்வதற்கு ஆள் போடுவோம். நிற்கும் யந்திரத்துக்குப் பூட்டுப் போடுவோம். கார்பன் பெட்டில் இது தலைகீழ். காற்று வேகமாக ஓடினால் சூடு வெளியே போய்விடும். காற்று அறவே இல்லையென்றால் எரிய ஆக்சிஜன் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது. எரியப் போதுமான காற்று, ஆறப் போதாத காற்று. நின்றுபோன பெட்டில் சரியாக மூடாத ஒரு வால்வு அந்த நிலையைக் கச்சிதமாக உண்டாக்கிவிடும்.

சூடு காட்டும் தெர்மோகப்பிள் இருக்கிறதே என்பார்கள். கரி வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். ஒரு முழம் தள்ளித் தணல் இருந்தாலும் இந்தப் பக்கத்துத் தெர்மோகப்பிள் பேசாமல் இருக்கும். பெட் முழுக்க எத்தனை குத்தினாலும் அவற்றுக்கு இடையே இடம் இருந்துகொண்டே இருக்கும். அதைவிட நல்ல சாட்சி, வெளியேறும் காற்றில் உள்ள கார்பன் மோனாக்சைடு. கரி எங்கே வெந்தாலும் அந்த வாயு மேலே வந்தே ஆக வேண்டும். வாசலில் லாரி நின்று புகைவிட்டால்கூட அளவு ஏறும் என்பதால், உள்ளே போகும் காற்றிலும் வெளியே வரும் காற்றிலும் அளந்து வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இந்த அளவி ஒன்று வாங்கித்தரச் சொல்லிப் போர்மேன் அண்ணன் பலமுறை எழுதிக் கொடுத்திருந்தார். நிலையானது வரவில்லை, கையில் பிடிக்கும் சின்ன அளவி ஒன்று கிடைத்தது.

2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. அந்தப் புயலைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தலைமுறைக் கணக்கில் விழுந்துகிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. முந்தைய மாலையே ஆலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். போர்மேன் அண்ணன் இரண்டு பெட்டையும் ஸ்டீம் விட்டு முடித்து, ஈரமாகவே விட்டுவிட்டு மூடவேண்டும் என்றார். ஒன்று முடிந்தது. இரண்டாவதுக்குத் திரும்பும்போது மின்சாரம் போய் பாய்லர் நின்றுவிட்டது. அந்த இரண்டாம் பெட் அன்று முழுக்க எம்.இ.கே. பிடித்துக்கொண்டிருந்த பெட்.

நான் அந்த ராத்திரி ஊரில் இருந்தேன். புயல் ஓய்ந்ததும் விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றி, கிடைத்த வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது ஆலையில் பேனல் எல்லாம் இருட்டு. ஜெனரேட்டர் டீசலைச் சேமித்து, மிகத் தேவையான பம்புகளுக்கு மட்டும் ஓட்டினார்கள். போர்மேன் அண்ணன் வீட்டுக்கே போகவில்லை. "ரெண்டாவத ஒருக்கா பாக்கணும். எனக்கு மனசு ஒத்துக்கல" என்றார்.

மின்சாரம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது? தெர்மோகப்பிளுக்கு மின்சாரம் தேவையில்லை. இரண்டு உலோகக் கம்பிகள் சேருமிடத்தில் சூடு பட்டால் அதுவே மில்லிவோல்ட் உண்டாக்கும். இன்ஸ்ட்ருமென்ட் பையன் ஒருவன் பேட்டரியில் ஓடும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கலத்தின் மேல் ஏறினான். எங்களுடையது கே ரகம். நூறு டிகிரி வித்தியாசத்துக்கு ஏறக்குறைய 4.1 மில்லிவோல்ட். மீட்டர் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம்தான், வெளிச்சூட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து புள்ளிகளில் நான்கு ஒழுங்காக இருந்தன. ஒன்று மட்டும் 1.2 காட்டியது. ஐம்பத்தைந்து டிகிரிக்கு மேல் இல்லை என்று மனக்கணக்குப் போட்டோம். யாரும் பயந்திருக்கமாட்டார்கள். மதியம் திரும்ப எடுத்தபோது அதே புள்ளி 2.0. அதாவது எழுபத்தைந்தை ஒட்டி. நிற்கும் பெட் ஆறத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறது?

மேலே வெளியேறும் குழாயில் மாதிரி எடுக்கும் சின்ன வால்வைத் திறந்து கையடக்க அளவியைக் காட்டினார் போர்மேன் அண்ணன். கார்பன் மோனாக்சைடு அளவு அதன் கடைசி எண்ணைத் தாண்டிப் போய் அலற ஆரம்பித்தது. தெர்மோகப்பிள் எழுபத்தைந்து என்கிறது. வாயு வேறு கதை சொல்கிறது. அவர் வாயுவை நம்பினார்.

காரணம் பிறகு தெரிந்தது. பெட்டின் கீழ்வால்வு முழுக்க உட்காரவில்லை. மேலே உயரமான புகைபோக்கி. புயலுக்குப் பிந்தைய காற்று அதன் வாயில் இழுத்துக்கொண்டே இருந்தது. ப்ளோயர் இல்லாமலே, மெல்லிய ஒரு காற்றோட்டம் அந்த இடுக்கு வழியாக நுழைந்து, கீட்டோன் நிறைந்த கரியினூடே ஏறிப் புகைபோக்கியில் போய்க்கொண்டிருந்தது. எரியப் போதும், ஆறப் போதாது.

அங்கே சிறிய விவாதம் நடந்தது. அதை நான் மறக்கவில்லை. ஒருவர் ஸ்டீம் விடலாம், பாய்லரை எப்படியாவது எழுப்பலாம் என்றார். போர்மேன் அண்ணன் கத்தாத குறையாகத் தடுத்தார். வெறும் சூடான கரிக்கு ஸ்டீம் மருந்து. செந்தணலாகிவிட்ட கரிக்கு ஸ்டீம் போனால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் பிறக்கும். மூடிய கலத்துக்குள் ஹைட்ரஜன். இன்னொருவர் நைட்ரஜன் சிலிண்டர் இருக்கிறதே என்றார். நைட்ரஜன் ஆக்சிஜனைத் துரத்தும், தீயைத் தூங்கவைக்கும், சூட்டை எடுக்காது. நாலு நாள் கழித்துத் திறந்தால் உள்ளே இருக்கும் சூட்டுக்குத் திரும்பக் காற்று கிடைத்துவிடும். இருந்த சிலிண்டர்களும் அந்தக் கலத்துக்குப் போதாது. மூன்றாமவர் கேட்டது பணத்தைப் பற்றி: தண்ணீர் விட்டால் கரி மொத்தமும் போய்விடுமே, லட்சக்கணக்கு ஆயிற்றே. மேலிடத்தைக் கேட்கலாமென்றால் செல்போன் கோபுரங்களும் விழுந்திருந்தன.

"கரி போனா சிரட்டை இருக்கு" என்றார் போர்மேன் அண்ணன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆனால் தண்ணீர் விடுவதற்கும் ஒரு கேள்வி இருந்தது. ஐந்து டன் கரி நிற்கும் கலத்தை முழுக்கத் தண்ணீரால் நிரப்பினால் கரியின் எடையைப்போல் சில மடங்கு கூடுதலாக ஏறும். கலத்தின் கால்களும் அடித்தளமும் தாங்குமா? பல ஆலைகளில் இதை யோசிக்காமலே கலத்தை நிறுத்திவிடுவார்கள். தீயணைக்கத் தண்ணீர் விட்டதும் கலமே சரிந்துவிடும். எங்கள் கலத்தின் வரைபடத்தில் தண்ணீர் நிரம்பிய எடைக்கும் அடித்தளம் கணக்கிட்டிருந்ததைப் போர்மேன் அண்ணன் கலத்தை நிறுவிய நாளிலேயே பார்த்து வைத்திருந்தார். "ஹைட்ரோ டெஸ்ட் பண்ணி நின்ன காலுய்யா, நிக்கும்" என்றார். மேல்வழிகளைத் திறந்துவைத்தோம், ஆவி போக இடம் வேண்டுமே. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்பைக் கிளப்பினோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காமல், வேகமாக, கரி முழுக்க மூழ்கும்வரை விட்டோம். அப்பா கரி யார்டில் சொன்னது அதுதான், நனைத்தால் அரைகுறையாக நனைக்காதே. மேலிருந்து ஆவி பீறிட்டு வந்தது. நாங்கள் எல்லோரும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றோம். ஒரு கட்டத்தில் ஆவி வெளுத்து மெலிந்து நின்றது. மீட்டரில் அந்தப் புள்ளி வெளிச்சூட்டுக்கு இறங்கிய பிறகும் ராத்திரி முழுக்கத் தண்ணீரை அப்படியே நிறுத்திவைத்தோம்.

வடித்த கறுப்புத் தண்ணீரை உப்பனாற்றில் போகவிடாமல் கழிவுநீர்த் தொட்டிக்கே ஏற்றினோம்.

கலத்தைத் திறந்தபோது வேறொரு ஆபத்து காத்திருந்தது. இதைக் கரியோடு வேலைசெய்யும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஈரமான ஆக்டிவேட்டட் கார்பன், மூடிய இடத்தில் உள்ள காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். உள்ளே விஷவாயு எதுவும் இருக்க வேண்டியதில்லை, நாற்றம் இருக்காது, கண் எரியாது. இறங்கியவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழுவார். காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். தீ அணைந்ததே என்ற நிம்மதியில் ஒரு கூலித்தொழிலாளி மண்வெட்டியோடு ஏணியில் கால் வைத்தார். போர்மேன் அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். ஆக்சிஜன் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கிக் காட்டினார். 21 இருக்க வேண்டிய இடத்தில் முள் நன்றாகக் கீழே நின்றது. ப்ளோயர் வைத்துக் காற்றூதி, மீட்டர் சரியான பிறகு, கயிறு கட்டி, மேலே ஆள் நிறுத்திய பின்தான் இறக்கினோம்.

கரியை அள்ளும்போது தணல் இருந்த இடம் தெரிந்தது. கூடையளவுக்குச் சாம்பல் நிறத்தில் கட்டிப்போன கரி, சுவரை ஒட்டி, சூடு காட்டிய தெர்மோகப்பிளிலிருந்து நல்ல தூரத்தில். அந்த எழுபத்தைந்து டிகிரி, அதன் ஓரத்திலிருந்து வழிந்து வந்த மிச்சம்தான். அந்தக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு போர்மேன் அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார். எனக்கு அப்பாவின் சட்டை வாசனை வந்தது. உண்மையாகவே அதே வாசனை.

அதன்பிறகு அந்த ஆலையில் நடைமுறை மாறியது. நிலையான கார்பன் மோனாக்சைடு அளவி வந்தது, இரண்டு பக்கத்துக்கும். நிற்கும் பெட்டுக்கு ஷிஃப்ட் தாளில் தனிப் பத்தி வந்தது. ஓடும் பெட்டைவிட அதில் எழுத வேண்டியது அதிகம். பொங்கல், தீபாவளி விடுமுறைக்கு முன் பெட்டை ஸ்டீம் விட்டு முடித்து ஈரமாக மூடாமல் யாரும் வெளியேற முடியாது. வால்வை மட்டும் நம்பாமல் குழாயில் இரும்புத் தகடு செருகி அடைத்தோம். திரும்பக் கிளப்பும் நாளில் முதலில் வெறும் காற்று, அளவியைப் பார்த்த பிறகே சால்வென்ட் காற்று. இவற்றில் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆள் ஒருவரை, ஒன்றும் நடக்காத இடத்தில் உட்காரவைப்பதற்கு மனசு வேண்டும். நிர்வாகங்களுக்கு அதுதான் கஷ்டம். உற்பத்தி நின்ற நாளில் ஓவர்டைம் கொடுப்பதற்குக் கை வருவதில்லை. நான் இந்த விஷயத்தில் இன்றைக்கும் சண்டை போடுகிறேன்.

சமீபகாலமாக வேறொரு வடிவத்தில் இது பரவுகிறது. நாற்றம் என்று ஊர்க்காரர்கள் புகார் கொடுத்தால், சின்ன ஆலைகள் சேமிப்புத் தொட்டியின் மூச்சுக்குழாயில் ஒரு டிரம் கரியை மாட்டிவிடுகின்றன. வேலை விட்டபிறகு அப்படி ஒரு இடத்தைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். "அண்ணே, மோட்டார் இல்ல, கரண்ட் இல்ல, சும்மா ஒரு டிரம்முதானே" என்றார் உரிமையாளர். அவருக்கு அமெரிக்காவில் சவானா துறைமுகத்தில் நடந்ததைச் சொன்னேன். 1995 ஏப்ரல் 10ஆம் தேதி. காகித ஆலையிலிருந்து வரும் கச்சா டர்ப்பன்டைன் தொட்டிகள். நாற்றத்தைத் தடுக்கக் கரி டிரம்களைப் புதிதாகப் பொருத்தியிருந்தார்கள். டர்ப்பன்டைன் ஆவி அந்தக் கரியில் ஒட்டிச் சூடேறியது. சூட்டை எடுத்துப்போகக் காற்றோட்டம் கிடையாது. டிரம்மில் பிறந்த தீ தொட்டிக்குள் போகாமல் தடுக்கும் வலைத்தடுப்பும் இல்லை. தொட்டிகள் பற்றிக்கொண்டு மூன்று நாள் எரிந்தன. சுற்றியிருந்தவர்களை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டி வந்தது.

அவர் டிரம்மைத் தொட்டுப் பார்த்தார். வெயிலில் இருந்தது. சூடு வெயிலாலா, உள்ளிருந்தா என்று எங்கள் இருவருக்குமே கையால் சொல்ல முடியவில்லை. அதை முதலில் நிழலுக்கு மாற்றினோம், தொட்டியிலிருந்து தள்ளி. இடையில் தீத்தடுப்பு வலை வைத்தார். உள்ளே என்ன ஆவி வருகிறது என்று பட்டியல் எடுத்து, கீட்டோன் வரும் ஒரு தொட்டியை அந்த டிரம்மிலிருந்து பிரித்து, தண்ணீரில் கழுவும் ஸ்க்ரப்பருக்குத் திருப்பினார். புதுக்கரி போடும்போது நனைத்துப் போடச் சம்மதித்தார். டிரம்மின் தலையில் ஒரு தண்ணீர்க் குழாயும் அடியில் வடிகாலும் வைக்கச் சொன்னேன், வைத்தார். அந்த வால்வு துருப்பிடித்து இறுகிவிடாமல் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க, தொட்டிப் பக்கம் வேலைபார்க்கும் இளைஞன் ஒருவனைப் பொறுப்பாக்கி, அவன் பெயரையும் திறந்து பார்த்த தேதியையும் எழுத டிரம்முக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை மாட்டினார்.